நாலாவது மூலை

தேவசகாயத்தின் மேஜையில் இருந்த பூதக்கண்ணாடிக்குத் தலைக்கனம் அதிகம். நூறு வருஷத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர் அவர். எந்த அட்டை வந்தாலும் பூதக்கண்ணாடிதான் அதன் மூலைகளைப் பார்க்கும். ஒரு மூலை மழுங்கியிருந்தாலும் போதும், அட்டை வந்த வழியே திரும்பிவிடும்.

அன்று வந்த அட்டைக்கு மூன்று மூலைகள் கூராக இருந்தன.

"உன் கதை முடிஞ்சுது. நாலாவது மழுங்கிக் கிடக்கு, இங்கிருந்தே தெரியுது" என்றது பூதக்கண்ணாடி.

"இருக்கட்டும் தம்பி. என் முகம் எப்படி இருக்கு? நானே பார்த்ததில்லை" என்றது அட்டை.

பூதக்கண்ணாடி திகைத்தது. இத்தனை அட்டைகளில் ஒன்றின் முகத்தைக்கூட அது பார்த்ததில்லை.

கை வலித்ததோ என்னவோ, தேவசகாயம் பூதக்கண்ணாடியைச் சற்று மேலே தூக்கினார். கீழே ஒருவன் மட்டையை ஓங்கியபடி நின்றான். பந்து இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் அது வரும் திசையிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. நூறு வருஷமாக அப்படியே நிற்கிறான். பூதக்கண்ணாடிக்கு மூச்சே நின்றுவிட்டது.

"சொல்லேன் தம்பி."

"ஐயா, அந்தப் பந்து உங்களைத் தாண்டிப் போகாது."

கை நாலாவது மூலைக்கு இறங்கியது. பூதக்கண்ணாடி அடக்கியிருந்த மூச்சை விட்டது. அதன் மேலெல்லாம் ஆவி படிந்தது. தேவசகாயம் துடைத்தார். மறுபடியும் படிந்தது.

"நல்லாத்தான் இருக்கும்" என்று அவர் அட்டையை ஆல்பத்தில் செருகினார். ஆல்பத்தை மூடும்வரை பூதக்கண்ணாடி தெளியவே இல்லை.