கிழக்கு வரிசை

“அந்தக் கிழக்கு வரிசையில என்னம்மா வேடிக்கை?”

“சும்மாதான் சார்” என்று நழுவினாள் புதிதாக வந்த பெண் விஞ்ஞானி.

சும்மாவாம்! பெரிய விஞ்ஞானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். இவள் நேற்று முளைத்தவள். எலுமிச்சையின் சொறி நோய்க்கு அவரும் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார், இவளும் ஒன்று. தோட்டத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு வரிசை மரங்கள். எதற்கு யார் மருந்து என்ற விவரம் இயக்குநரிடம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. மதிப்பெண் போடும் பெரியவருக்குக்கூட அது தெரியக் கூடாது.

தெரியாமலா போகும்? தினமும் காலையில் கிழக்கு வரிசையில் நின்று இலை இலையாகத் திருப்பிப் பார்க்கிறாளே! பெற்றவள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். கிழக்கில் ஒரு இலையில்கூடச் சொறி இல்லை. வயிறு எரிய, கிழக்குக்கு முப்பது என்று எழுதினார். அங்கங்கே சொறி தெரிந்த மேற்குக்கு எழுபது.

இயக்குநர் உறையைப் பிரித்தார்.

“மேற்கு உன் மருந்தும்மா, ஜெயிச்சுட்டே! கிழக்கு சாரோடது. தன் மருந்துக்கே முப்பது போட்டிருக்கார் பாரு, அதான் நேர்மை! சரி சார், உங்க மருந்தை இதோட நிறுத்திடலாம்.”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

அவள் மெல்ல அவர் பக்கம் குனிந்தாள்.

“கிழக்கு எவ்வளவு சுத்தமா இருந்துச்சு! உங்க மருந்தாத்தான் இருக்கும்னு தினமும் அங்க நின்னு பொறாமைப்பட்டேன். அதுக்குப் போய் எப்படி சார் முப்பது போட்டீங்க?”