நிற்கிற வேலை

“ஆபரேஷன் பண்ணியும் பழையபடி நரம்பு சுருட்டிக்கிச்சுங்க.” பெரியண்ணன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“லேசர் வைக்கலாம், ஊசி போடலாம். ஆனா நின்னுக்கிட்டே இருந்தா திரும்ப வரும்,” என்றார் டாக்டர். “என்ன வேலை?”

“செக்யூரிட்டிங்க. ஷிப்ட் முடியற வரைக்கும் நின்னுக்கினே இருக்கணும். ஸ்டூல் இருந்துச்சு, மொதலாளி எடுத்துட்டாருங்க.”

“மனுஷனா அவன்? நீங்க பாட்டுக்கு உட்காருங்க!”



பெரியண்ணன் வெளியே வந்து யூனிஃபார்மையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, அதே கிளினிக்கின் வாசற்படியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் மந்தாரக்குப்பம் வீட்டுக்குக் கிளம்பிய டாக்டர், கார் கண்ணாடியை இறக்கி மேனேஜரைக் கூப்பிட்டார்.

“ஸ்டூலை எடுத்தும் செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கான் பாருங்க. நாளையிலேர்ந்து வேலையை விட்டு நிறுத்திடுங்க.”