அண்ணன் என்று எழுதியவர்

குரல் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள்.

முன்னால் ஒரு மனிதர் மைக்கைப் பிடித்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் கண்ணாடி வெட்டும் பேனா. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

குரல் மட்டும் தெரிந்த குரல்.

"ரோட்டுல ஒரு பக்கத்தையே சைக்கிளுக்குக் குடுத்துட்டீங்க. என் கண்ணாடிக் கடை வாசல்ல ஒரு லோடு ஆட்டோ நிக்க முடியல. ஆறு மாசத்துல ரெண்டு பேர வேலைய விட்டு நிறுத்திட்டேன். நாளைக்குக் கடையையும் பூட்டிட்டுப் போயிரணும். அப்படித்தானே?"

கைதட்டல். பெரிய கைதட்டல்.

நீரேற்று நிலையச் சாலையில் போட்ட சைக்கிள் பாதையை எடுத்துவிடலாமா, வைத்திருக்கலாமா என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைக்காரர்கள்.

அப்படித்தானே.

போன ஐப்பசியில், விடிந்தும் விடியாத நேரம். கல்லூரி விடுதிச் சமையலுக்காக அதே சாலையில் சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது பாதை கிடையாது. பின்னால் வந்த வேன் இடித்துவிட்டு நிற்காமல் போனது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் இரண்டு கண்களையும் மூடிவிட்டது.

யாரோ தூக்கிக் காரில் கிடத்தினார்கள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஒரு குரல், அவள் முனகிச் சொன்னதையே திருப்பிக் கேட்டு, ஓயாமல் பேசியது.

"தூங்கிராதம்மா. பேரு பூங்காவனம், அப்படித்தானே? ரெண்டும் பொண்ணு, அப்படித்தானே? பெரியவ பத்தாவது, அப்படித்தானே?"

ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னாள். ஆமாம் சொல்வதற்காகவே விழித்திருந்தாள்.

கட்டுப் போட்டுக் கண் திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

"அடுத்து, பூங்காவனம்."

பெயரைக் கேட்டு அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

அவள் எழுந்து போனாள். கையில் பெரியவள் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. பாதை ஏன் வேண்டும் என்பதற்கு ஏழு காரணம். அவள் அதைப் பிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லைங்க. ஆஸ்பத்திரியில நர்சம்மா வந்து, உங்கண்ணன் இப்பத்தான் போனாருன்னாங்க. எனக்கேது அண்ணன்னேன். சீட்டக் காட்டினாங்க. உறவுன்னு போட்ட எடத்துல அண்ணன்னு எழுதியிருந்துச்சு. பேரு கிறுக்கலா இருந்துச்சு, படிக்க முடியல. ஒம்போது மாசமாத் தேடுறேன். இப்பப் பேசிட்டு உக்காந்தாரே, அவருதான். அவரு இல்லன்னா என் புள்ளைங்களுக்கு நான் இல்ல."



இரண்டு நிமிடம் முடிந்ததற்கு மணி அடித்தது.

கருத்துக் கேட்டுக்கொண்டிருந்த செயற்பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. பாதை வேணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லவேயில்லையே?"

அவள் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

நன்றி சொல்லியாகிவிட்டது. அந்த வாயாலேயே இதை எப்படிச் சொல்வது?

இரண்டு மகள்களும் அதே சாலையில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். சைக்கிளில்.

"வேணுங்க சார்," என்றாள், அவரைப் பார்த்தபடியே. "அண்ணன் கடைக்கு வண்டி நிக்கப் பக்கத்துலயே ஒரு எடமும் பார்த்துக் குடுங்க. ஆனா பாதை வேணும்."

யாரும் கைதட்டவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபோது வராந்தாவில் அவளுக்காக நின்றிருந்தார். அவள் நடையைத் தளர்த்தினாள். ஏதாவது சொல்வார், சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"நெத்தியில தழும்பு நின்னுரும்னு நெனச்சேன். காணோமே," என்றார்.

"இருக்குண்ணே."

முன்முடியை ஒதுக்கிக் காட்டினாள். அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தலையசைத்தார்.

பாதையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பாதை இருக்கும். சரக்கு வண்டிகளுக்கு எதிர்த்தெருவில் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஆவணியில் ஒரு மத்தியானம். வேலை முடிந்து பாதையில் வந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கடைக்கு முன்னால் பிரேக் பிடிக்க வேண்டியதாயிற்று. எதிர்த்தெருவில் இறக்கிய ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ஒரு வேலைக்காரன் ஒரு முனையிலும் அவரே மறுமுனையிலுமாகத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாதையின் ஓரத்துக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள்.

அவளைப் பார்த்துவிட்டார். கைகள் இரண்டும் கண்ணாடியில் இருந்தன. நீ போ என்று தாடையால் காட்டினார்.

அவள் இறங்கினாள். சைக்கிளைப் பாதையின் குறுக்கே நிறுத்தினாள்.

பின்னால் வந்த இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணியடித்தார்கள். பிறகு ஒரு தபால்காரர். யாருக்கும் அவள் வழி விடவில்லை.

"மெதுவாக் கொண்டு போங்கண்ணே," என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."