ஒற்றைக்கண் ஓடின்

"தம்பி, இந்தப் படத்தில சுத்தியலோட நிக்கிறது நீர்தானே?"

கத்தரின் நீட்டிய சீடி உறையைப் பார்த்ததும் ஜெறோமுக்கு வியர்த்துவிட்டது. அவர் மகள் பேர்ளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை அவன். நேற்றுப் பூசை முடிந்து அவரைக் காரில் ஏற்றிவந்து பென்டில் ஹில் வீட்டில் இறக்கிவிட்டான். பின்சீட்டில் கிடந்த சீடி அவருடைய கைப்பைக்குள் போனதை அவன் கவனிக்கவில்லை.

உறையில் நான்கு பேர். முகமெல்லாம் கரி, தோளில் ஆட்டுத்தோல். நடுவில் நின்ற ஒற்றைக்கண்ணனைப் பார்த்த பிறகு கத்தரினுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஓம் அன்ரி. நான் ட்ரம்ஸ் அடிக்கிறனான். மெட்டல் மியூசிக். நோர்வேப் பக்கத்துப் பழைய கடவுளரைப் பற்றிப் பாடுறம்."

"பழைய கடவுளோ? அந்தோனியாருக்கு நேர்ந்து பெத்த பிள்ளையைப் பேய்க்கூட்டத்துக்கோ குடுக்கிறது? சிலுவை தொங்க வேண்டிய கழுத்தில சுத்தியல் தொங்குது!"

"அது இடித் தெய்வத்தின்ர சுத்தியல், அன்ரி. சும்மா வேஷம். கூத்தில ஏரோது ராசாவுக்கு வேஷம் கட்டுறவரைக் கோயிலை விட்டுக் கலைக்கிறேல்லையே?"

"ஏரோது இப்பிடிக் கத்தினவரோ? அரை நிமிசம் போட்டுக் கேட்டனான். பண்டி அறுக்கிற மாதிரிக் கிடக்கு. ஆர் இந்த ஒற்றைக்கண்ணன்?"

ஜெறோம் தரையைப் பார்த்தான். "அது ஓடின். அந்தத் தெய்வங்களுக்கெல்லாம் தலைவர். பாடுற ஆள் கட்டுற வேஷம்."

"நான் ஆளின்ர பேரைக் கேக்கிறன்."

"சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

கத்தரின் சீடியை மேசையில் எறிந்தார். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவித்தல் வாசித்தாயிற்று. மூன்றாவது, வருகிற ஞாயிறு. நார்த்மீட்டில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் கல்யாணக் கார்ட் கொடுத்தாயிற்று.

"தடை தெரிஞ்சா வந்து சொல்லுங்கோ எண்டு சாமியார் கேக்கிறது இதுக்குத்தான். இப்பவே போன் பண்ணிச் சொல்லப்போறன். இல்லாட்டி இந்த ஒற்றைக்கண்ணனை விடும்."

"அது மட்டும் ஏலாது அன்ரி."

"அப்ப என்ர பிள்ளையை விடும்!"

"அதுவும் ஏலாது."

குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்த பேர்ள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கோயில் பாட்டுக்குழுவில் அவள் பாட எழுந்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இப்படி ஒரு கதியா என்று கத்தரினுக்கு வயிறு எரிந்தது.

"முகத்தில கரியைப் பூசி ஒளிச்சு நிண்டு ஊளையிட ஆராலும் ஏலும். அவன் இஞ்ச வரட்டும். என்ர மூஞ்சியைப் பாத்து ஒருக்காக் கத்தட்டும். அந்தத் துணிவு அவனுக்கு இருந்தா, அந்தோனியார் அறிய, நானே முன்னுக்கு நிண்டு கலியாணத்தை நடத்திவைக்கிறன்!"

"மெய்யாவோ அம்மா?" என்றாள் பேர்ள்.

"மெய்தான்!"

பேர்ள் தட்டை மேசையில் வைத்தாள். தலைமுடியை இழுத்து ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, தாயின் முகத்தை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள். அடுத்த கணம் யன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது.