மேனேஜர் காட்டிய கட்டைவிரல்

“மணி பதினொண்ணு! இப்பதான் வேலைக்கு வர்ற...”

“சார், காலையிலயே வாய்ஸ் போட்டேனே...”

“குறுக்க பேசாத சுதா! இனிமே இந்த மில்லுல உனக்கு வேல கெடையாது.”

உத்திரமேரூர் ரைஸ்மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“தெரிஞ்சிக்கினே திட்டறீங்களே சார்! போன் பண்ணாதீங்க, எதுன்னாலும் வாட்ஸப்புல வாய்ஸ் போடுங்கன்னது நீங்கதான். போட்டேன். நீங்களும் கட்டைவிரல் காட்டினீங்க.”

“வர்றதுக்கெல்லாம் காட்டுவேன். ஒவ்வொண்ணா கேட்டுக்கினு இருந்தா மில்லை யாரு பாக்கறது? இன்னா சாக்கு சொல்லிக்கீறன்னு எல்லாருமே கேக்கட்டும்.”

“ஐயோ, இத்தினி பேர் எதிர்ல வேணாம் சார்.”

“பயமா?” மேனேஜர் வினோத்குமார் சத்தத்தைக் கூட்டி, போனை உயரப் பிடித்தார். போனில் சுதாவின் குரல் பதறியது.

“சார், ஊர்ல உங்கம்மா வழுக்கி வுழுந்துட்டாங்க. அடுத்த வூடாச்சே, அலறல் கேட்டு ஓடினேன். எழுந்துக்க முடியல. ஆட்டோ வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். சீக்கிரமா வாங்க.”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் தலை நிமிரவில்லை.

சுதாதான் மெதுவாகக் கேட்டாள்: “‘எம்புள்ள கிளம்பிட்டானா’ன்னு கேட்டுக்கினே கீறாங்க சார். நான் போயி இன்னா சொல்லட்டும்?”