பச்சைப் பென்சில்

நேர்காணல் பத்தரைக்கு. பத்து இருபதுக்கே வந்துவிட்ட கிடங்குக்காரர், மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் வரவேற்பாளர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீங்களுமா டீச்சர்? சொல்லவே இல்லையே."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தபடி நின்றார். இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிடங்கைப் பார்த்து வேகமாக நடந்தார்.

அவள் டீச்சர் இல்லை. அது அவர் வைத்த பெயர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அவர் எழுதும் ஒவ்வொரு கடிதமும் மூன்று வருடமாக முதலில் திருத்துவதற்கு அவள் மேசைக்குத்தான் வரும். சரக்கு விவரத்தில் ஒரு பிழை இருக்காது. வினைச்சொல்லும் அதற்குப் பின்னால் வருகிற 'இன்', 'ஆன்', 'அட்' வகையறாவும்தான் அவரைப் பாடாய்ப் படுத்தும்.

"நம்ம மொழியில வால் சொல்லோடயே ஒட்டியிருக்கு டீச்சர். இதுல தனியா திரியுது. எந்த வீட்டுக்குள்ள நுழையும்னே தெரியல" என்பார்.

சிவப்பு மையைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி ஞாபகம் வருகிறது என்று பச்சைப் பென்சில் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். திருத்திய தாளைப் பார்த்து வேறு தாளில் சுத்தமாக எழுதிய பிறகும் பழையதைக் கசக்கிப் போடமாட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்.

போன திங்கட்கிழமை அவர் கொண்டுவந்தது கடிதம் அல்ல, விண்ணப்பம். வெளிநாட்டுக் கடிதங்களுக்கென்று ஒரு பொறுப்பாளரைப் போடப் போகிறார்கள். அதே வேலைக்கு அவள் அதற்கு முன்பே ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தாள். "ஒரு நிமிஷம் உட்காருங்க சார்" என்று ஏழு வருடம் சொல்லியாகிவிட்டது. அந்த மேசையை விட்டு எழுந்திருக்க அவளுக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை.

அவர் விண்ணப்பத்தில் நான்கு இடங்களில் பிழை. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் தேவையில்லாமல் ஓர் 'அபவுட்'. 'மேக்' வரவேண்டிய இடத்தில் 'டூ'. மற்ற இரண்டும் அதே ரகம். பென்சில் அவள் கையில்தான் இருந்தது.

"சரியா இருக்குண்ணே" என்றாள்.

அவர் நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். அப்புறம் முகமெல்லாம் சிரிப்பு. முதல் தடவையாகத் தப்பில்லாமல் எழுதிவிட்டதை அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நின்று போனில் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் அவள் நின்றிருந்தாள்.

கிடங்குக்காரர் திரும்பி வந்தபோது கக்கத்தில் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. மூன்று வருடத்து உழைப்பைக் காட்டப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. காட்டட்டும், அதுதான் நியாயம் என்றும் பட்டது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று எழுந்தாள்.

"அண்ணே, அந்த விண்ணப்பம்..."

கதவு திறந்தது. அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தார். கையில் கோப்பு இல்லை.

"தைரியமா போங்க டீச்சர்" என்றார்.

மேலாளரின் மேசையில் கோப்பு விரிந்து கிடந்தது. தாளுக்குத் தாள் பச்சை.

கிடங்குக்காரர் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். இந்த வேலையை மூன்று வருடமாகப் பார்ப்பது தான் இல்லை, வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாதான் என்று சொல்லி, சாட்சிக்கு இதை வைத்துவிட்டுப் போனாராம். சொல்லிக்கொண்டே மேலாளர் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாள் அந்த விண்ணப்பத்தின் நகல். அதில் அவர் விரல் நின்றது.

"இதையும் உங்ககிட்ட காட்டினதா சொன்னாரே. இதுல மட்டும் ஏம்மா பச்சையே இல்ல?"