காட்டின் ஓட்டு

காப்புக்காட்டின் நடுவே ஆஸ்பத்திரிக்கு வண்டி விடலாமா என்று அன்று காலை வாக்கெடுப்பு நடந்தது. ஊருக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என மொத்தம் மூன்று ஓட்டு. ஊர் விடலாம் என்றது. வனத்துறை கூடாது என்றது. காடு ஓட்டுப் போடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று எட்டு மாத வயிற்றோடு கேத்தி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மரங்களையும் விலங்குகளையும் இரவுபகலாகக் கவனித்துவந்த கருவி, காட்டுக்காகப் பேசியது.

"பகலில் ஓடட்டும். இருட்டினால் யானைகள் கடக்கும். வேண்டாம்."

வாக்கெடுப்பு நடத்திய அதிகாரி அதையே முடிவாக எழுதினார். கேத்தி எழுந்தாள்.

"ராத்திரியில வலி கண்டா என்ன பண்றதுங்க?"

"ஓட்டு முடிஞ்சிருச்சும்மா."

"உங்களக் கேக்கலீங்க சார். காட்டத்தான் கேக்கறேன்."

கூட்டம் சிரித்தது. காட்டிடம் அதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கருவி, "எந்த ராத்திரி?" என்றது.

"அது எனக்கே தெரியாதுங்களே!"

"வலி எடுத்ததும் சொல்."

இருபத்திரண்டாம் நாள் இரவு அவள் சொன்னாள். வண்டி போன வழியெங்கும் யானைகள் ஓரமாக ஒதுங்கி நின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டு கேத்தி எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.